வருகைப் பதிவேடும் தாயின் வங்கிக் கணக்கும்

புதுதில்லி: 2020-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள். ஆந்திர மாநிலம் சித்தூர் நகரில் நடைபெற்ற விழாவில் அன்றைய முதல்வர் ஒய்.எஸ். ஜெகன்மோகன் ரெட்டி 'அம்ம ஒடி' என்ற திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தெலுங்கில் அச்சொல்லுக்குத் 'தாய்மடி' என்று பொருள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைத் தாயின் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு ரூ.15 ஆயிரம் நேரடியாகச் செலுத்தப்படும் என்பதே திட்டத்தின் சாரம். முதல் ஆண்டில் ஏறத்தாழ 43 லட்சம் தாய்மார் இதன் பயனைப் பெற்றனர்.

அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு. பிள்ளையின் வருகை 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. முதல் ஆண்டில் இது தளர்த்தப்பட்டது. அடுத்த ஆண்டு கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகளே மூடிக் கிடந்தன. எனவே நிபந்தனை முழுமையாகக் கடித்தது 2021-22 கல்வியாண்டில்தான். 2021 நவம்பர் 8 முதல் 2022 ஏப்ரல் 30 வரையிலான வருகை கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. 2022 ஜூன் 27 அன்று ஸ்ரீகாகுளத்தில் மூன்றாம் தவணை வழங்கப்பட்டபோது, போதிய வருகை இல்லாத காரணத்தால் சுமார் 51 ஆயிரம் தாய்மாருக்குப் பணம் கிடைக்கவில்லை என்று முதல்வரே மேடையில் கூறினார்.

ஒரு பிள்ளை பள்ளிக்கு வராத நாள், அந்தக் குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கில் ஏறும் நாளாக மாறியது இவ்வாறுதான். வராத நாளை யார் யாருக்குச் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் யார் பொறுப்பு என்ற கேள்விகள் இதனால் புதிய கனம் பெற்றுள்ளன.

ஆட்சி மாறியது, நிபந்தனை மாறவில்லை

அம்ம ஒடி தொடங்கப்பட்ட சித்தூர், அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் சந்திரபாபு நாயுடுவின் சொந்த மாவட்டம் என்பது குறிப்பிடத்தக்கது. அவர் பிறந்த நாராவாரிப்பள்ளி, 2022 ஏப்ரல் 4-இல் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபின் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. அவர் தொடர்ந்து வென்றுவரும் குப்பம் தொகுதி சித்தூர் மாவட்டத்திலேயே நீடிக்கிறது. 2024 தேர்தலில் அவரது கூட்டணி ஆட்சியைக் கைப்பற்றியது. 'அம்ம ஒடி' போய்த் 'தல்லிகி வந்தனம்', அதாவது 'தாய்க்கு வணக்கம்', வந்தது.

முந்தைய திட்டத்தில் ஒரு தாய்க்கு எத்தனை பிள்ளைகள் இருப்பினும் ஒரே தொகைதான். புதிய திட்டத்தில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ரூ.15 ஆயிரம். 2025 ஜூன் 12 அன்று 67 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கென முதல் தவணை அறிவிக்கப்பட்டது. இதில் ரூ.13 ஆயிரம் தாயின் கணக்குக்கும், ரூ.2 ஆயிரம் பள்ளியின் பராமரிப்புக்கும் செல்லும். பள்ளிக் கழிப்பறைகளுக்காகப் பிடித்தம் செய்யும் வழக்கம் முந்தைய ஆட்சியிலேயே தொடங்கியதுதான். 2023 ஜூன் மாதத் தவணைக்குப் பின் ஈராண்டுகள் பணம் வரவில்லை என்பது இன்றைய எதிர்க்கட்சியின் குற்றச்சாட்டு. பிள்ளைக்கு ஒன்று என்று கொடுத்தது நாங்களே என்பது ஆளுங்கட்சியின் பதில்.

இரு தரப்பும் ஒன்றை மட்டும் மாற்றவில்லை. அது 75 சதவீத வருகை. கட்சிகள் எதிரெதிராக நின்றபோதும், பணத்தை வருகையோடு பிணைப்பதில் அவை ஒரே கருத்துடையவை. ஆகவே இதனை ஒரு கட்சியின் குறையாகவோ நிறையாகவோ பார்ப்பதைவிட, அரசு என்ற அமைப்பு ஏழைப் பெற்றோரிடம் எதை எதிர்பார்க்கிறது என்று பார்ப்பதே பொருத்தம்.

ஐம்பத்தைந்து நாட்களின் கணக்கு

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 நாட்கள். 220 நாட்களில் 75 சதவீதம் என்பது 165 நாட்கள். அதாவது ஒரு மாணவி 55 நாட்கள் வராமல் இருந்தாலும் நிபந்தனை நிறைவேறிவிடும். 56-ஆவது நாள் வராவிட்டால் தொகை முழுவதும் போய்விடும்.

இங்கேதான் விதியின் முரண் வெளிப்படுகிறது. கல்வியின் நோக்கில் 55 நாட்கள் என்பது மிகப் பெரிய இழப்பு. ஏறத்தாழ பதினோரு வாரப் பாடங்கள். பிரிட்டனில் பத்து சதவீத நாட்கள் வராத பிள்ளையையே 'தொடர்ந்து வராதவர்' பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அந்த அளவுகோலில் ஆந்திரத்தின் வரம்பு மிகவும் தளர்வானது. ஆனால் நலத்திட்டத்தின் நோக்கில் அதே வரம்பு மிகவும் கடுமையானது. 165 நாட்கள் வந்த பிள்ளையின் தாய்க்கு ரூ.13 ஆயிரம். 164 நாட்கள் வந்த பிள்ளையின் தாய்க்கு ஒன்றுமில்லை. படிப்படியான சரிவு இல்லை. விளிம்பில் கால் வைத்தால் நேரே பள்ளம்.

ரூ.13 ஆயிரத்தை 220 நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 59 ரூபாய் சொச்சம் வருகிறது. 2025-26-இல் ஆந்திரத்தில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாட்கூலி ரூ.307. மாங்காய் பறிக்கும் நாளிலோ, தறிக்கு ஆள் இல்லாத நாளிலோ ஒரு குடும்பம் பிள்ளையை நிறுத்திக்கொள்ள எண்ணினால், அன்றைய தேவை ஆண்டிறுதியில் வரும் பணத்தைவிட வலியது. பணம் ஆண்டுக்கொருமுறை வருகிறது. நெருக்கடி அன்றாடம் வருகிறது.

கட்டாயம் யாருக்கு?

'கட்டாயக் கல்வி' என்றவுடன் பெற்றோர் மீதான கட்டாயம் என்றே பலரும் எண்ணுகின்றனர். சட்டம் சொல்வது வேறு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, கட்டாயக் கல்வி என்பதற்கு அரசின் கடமை என்றே விளக்கம் தருகிறது. 6 முதல் 14 வயது வரையிலான ஒவ்வொரு பிள்ளையின் சேர்க்கை, வருகை, படிப்பை முடித்தல் ஆகிய மூன்றையும் உறுதி செய்ய வேண்டியது அரசே. 9-ஆவது பிரிவு, வருகையைக் கண்காணிக்கும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்கிறது. இடம்பெயர்ந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதும் அதே பிரிவின்படி உள்ளாட்சியின் கடமை.

பெற்றோரின் பங்கை 10-ஆவது பிரிவு ஒரே வரியில் முடித்துவிடுகிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது அவர்களது கடமை. தவறினால் அபராதமோ சிறையோ அச்சட்டத்தில் இல்லை. 2002-இல் நிறைவேறிய 86-ஆவது அரசமைப்புத் திருத்தம் 21ஏ பிரிவின் மூலம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதே திருத்தம் 51ஏ பிரிவில், பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பளிப்பதைப் பெற்றோரின் அடிப்படைக் கடமையாகவும் சேர்த்தது. உரிமையை நீதிமன்றத்தில் கேட்டுப் பெறலாம். அடிப்படைக் கடமையை அவ்வாறு வழக்காடிச் சுமத்த இயலாது.

வராத நாளைப் பற்றிப் பேசும் பிரிவும் சட்டத்தில் இருக்கிறது. அதைப் பெற்றோர் அவ்வளவாக அறிந்திருக்கவில்லை. ஆசிரியர்களின் கடமைகளைக் கூறும் 24-ஆவது பிரிவு, பெற்றோர் கூட்டங்களை முறையாக நடத்தி, பிள்ளையின் வருகை ஒழுங்கு, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆக, வராததைத் தெரிவிக்கும் பொறுப்பு ஒருவழிப் பாதையன்று. பிள்ளை வரவில்லை என்பதைப் பள்ளி வீட்டுக்குச் சொல்ல வேண்டும். ஏன் வரவில்லை என்பதை வீடு பள்ளிக்குச் சொல்ல வேண்டும். முதலாவது சட்டக் கடமை. இரண்டாவது நடைமுறை ஒழுங்கு. நடப்பில் இரண்டாவதையே வலியுறுத்துகிறோம்; முதலாவதை மறந்துவிடுகிறோம்.

நூறாண்டுக் கேள்வி

இது புதிய விவாதமும் அல்ல. 1911 மார்ச்சில் கோபால கிருஷ்ண கோகலே, இம்பீரியல் சட்ட மேலவையில் தொடக்கக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் விதிக்கவும் அது வழி செய்தது. 1912 மார்ச்சில் 38-க்கு 13 என்ற வாக்குகளில் அது தோற்கடிக்கப்பட்டது. ஏழைப் பெற்றோரைத் தண்டிப்பதா என்ற வாதம் எதிர்த்தவர்களுக்கு வசதியான கேடயமாயிற்று. உண்மையில் அரசுக்குச் செலவழிக்க மனமில்லை என்பதே வரலாறு தரும் தீர்ப்பு.

கோகலே மசோதா கொண்டுவந்த அதே 1911-இல்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. வட ஆர்க்காட்டின் பகுதிகள் அதில் பெருமளவு இணைந்திருந்தன. அப்போது அது சென்னை மாகாணம். 1920-இன் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், விரும்பும் உள்ளாட்சிகள் கல்வியைக் கட்டாயமாக்க இடமளித்தது. 1953-இல் ஆந்திரம் பிரிந்தது. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன.

சுதந்திர இந்தியாவின் அரசமைப்பு, பத்தாண்டுக்குள், அதாவது 1960-க்குள், 14 வயது வரை அனைவருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்று 45-ஆவது பிரிவில் வழிகாட்டியது. அது நிறைவேறவில்லை. 1993-இல் உச்சநீதிமன்றம் உன்னிகிருஷ்ணன் வழக்கில் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் எதிர்த்தரப்பு ஆந்திரப் பிரதேச அரசு என்பது நினைவுகூரத்தக்கது. அந்தத் தீர்ப்பிலிருந்து சட்டம் நடைமுறைக்கு வர மேலும் 17 ஆண்டுகள் ஆயின.

குறுஞ்செய்தியும் வீட்டு வாசலும்

அம்ம ஒடியின் காலத்தில் ஆந்திர அரசு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. பிள்ளை ஒருநாள் வரவில்லை என்றால் பெற்றோரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகும். தொடர்ந்து இரண்டு நாட்கள் வரவில்லை என்றால் கிராமத் தன்னார்வலர் வீட்டுக்கே சென்று விசாரிப்பார். ஐம்பது வீடுகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் 2019 ஆகஸ்டில் அமர்த்தப்பட்ட தன்னார்வலர் படையே இதற்கு ஆதாரம். வாசலில் ஓர் ஆள் வந்து 'பாப்பாவுக்கு என்ன ஆச்சு' என்று கேட்பது, எந்தச் செயலியாலும் செய்ய முடியாத காரியம். ஆனால் தன்னார்வலர்கள் ஆளுங்கட்சியின் கைக்கருவிகள் என்ற குற்றச்சாட்டு அன்றே இருந்தது. 2024 ஆட்சி மாற்றத்துக்குப்பின் அந்த ஏற்பாடு தொடரவில்லை.

மறுபுறம், பள்ளிக்குள் செயலிகள் பெருகின. 2022 ஆகஸ்டில் ஆசிரியர்களுக்கு முகம் காட்டும் வருகைப்பதிவு வந்தது. சொந்தக் கைப்பேசியை அரசுப் பணிக்குப் பயன்படுத்தச் சொல்வதா என்று ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. வருகை, மதிய உணவு, கழிப்பறையின் தூய்மை என ஒவ்வொன்றுக்கும் பதிவு. இன்றைய ஆட்சியில் பல செயலிகள் ஒரே செயலியாக இணைக்கப்பட்டுள்ளன. 2024 டிசம்பர் 7-இலும் 2025 ஜூலை 10-இலும் மாநிலம் முழுவதும் ஒரே நாளில் பெற்றோர்-ஆசிரியர் பெருங்கூட்டங்கள் நடத்தப்பட்டன. முதல்வரும் கல்வித்துறை அமைச்சர் நாரா லோகேஷும் அவற்றில் கலந்துகொண்டனர்.

ஆண்டுக்கொரு திருவிழாவாகக் கூடுவது நல்லதே. ஆனால் வராத நாள் ஆண்டுக்கொருமுறை வருவதில்லை. செவ்வாய்க்கிழமை வராத பிள்ளையைப் பற்றிச் செவ்வாய்க்கிழமையே பேசுவதற்கு யார் இருக்கிறார் என்பதே கேள்வி.

மாவட்டத்தின் முகம்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் வாழ்வை அறிந்தவர்களுக்கு வராத நாட்களின் காரணங்கள் புதிரல்ல. ஆந்திரத்தில் பள்ளிகள் கோடை விடுமுறை முடிந்து வழக்கமாக ஜூன் 12-ஆம் நாள் வாக்கில் திறக்கின்றன. சித்தூரின் தோத்தாபுரி மாங்காய் அறுவடையும், மாங்கூழ் ஆலைகளின் பரபரப்பும் அதே வாரங்களில்தான். நகரி, புத்தூர் வட்டாரங்களில் விசைத்தறி. மேற்கு மண்டலங்களில் மழை பொய்த்தால் பெங்களூரை நோக்கி நடை. கிழக்கே சூளூர்ப்பேட்டை, தடை பக்கம் பழவேற்காட்டு ஏரி மீனவக் குடும்பங்கள்; செங்கல் சூளைகளுக்கும் பண்ணைகளுக்கும் இடம்பெயரும் ஏனாதிப் பழங்குடியினர். திருப்பதியிலோ, யாத்திரிகர் கூட்டத்தை நம்பிப் பிழைக்கும் சிறு கடைகளும் விடுதிகளும்.

நகரியில் விசைத்தறியில் வேலை செய்யும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். வீட்டில் ஒரே கைப்பேசி, அது தகப்பனிடம். பள்ளியிலிருந்து குறுஞ்செய்தி வந்தால் தறியின் இரைச்சலில் அது கேட்காது. மாலையில் பார்த்தாலும் தமிழ் பேசும் அந்த வீட்டில் தெலுங்குச் செய்தியை வாசிக்க எட்டாம் வகுப்பு மகளைத்தான் அழைக்க வேண்டும். அன்று பள்ளிக்குப் போகாமல் தம்பியைப் பார்த்துக்கொண்டவளும் அவளே. அவள் வராததை அவளே படித்துச் சொல்ல வேண்டிய நிலை. இக்குடும்பம் கற்பனையே. எனினும் ஒரு கைப்பேசி, இரு மொழி, வீட்டுப் பொறுப்பை ஏற்ற ஒரு சிறுமி என்ற மூன்றும் அப்பகுதிக்கு அந்நியமானவை அல்ல.

மொழியின் பங்கு இங்குச் சிறிதன்று. நகரி, சத்தியவேடு, புத்தூர், குப்பம், சித்தூர் எனத் தமிழ் பேசும் மக்கள் தலைமுறைகளாக வாழும் எல்லைப் பகுதி இது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்வி வசதி வேண்டும் என்பது அரசமைப்பின் 350ஏ பிரிவு. இயன்றவரை தாய்மொழியில் கற்பித்தல் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு. 2019 நவம்பரில் ஆந்திர அரசு ஆங்கில வழியைக் கட்டாயமாக்கிப் பிறப்பித்த அரசாணைகளை 2020 ஏப்ரல் 15-இல் மாநில உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. பாடம் எந்த மொழியில் என்ற விவாதம் ஒருபுறம் நடக்கட்டும். பிள்ளை வரவில்லை என்ற செய்தியாவது தாய்க்குப் புரியும் மொழியில் போக வேண்டாமா?

2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும் இங்கே நினைவுக்கு வருகிறது. 14 வயதுக்குக் குறைந்தோரைப் பணியமர்த்துவதை அது முற்றிலும் தடை செய்தது. ஆனால் பள்ளி நேரம் முடிந்தபின்னும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என விலக்களித்தது. பள்ளி நேரம் எது, குடும்பத் தொழில் எது என்பதை அறுவடைக் காலத்தில் யார் அளப்பது? வருகைப் பதிவேடு ஒன்றே அதற்குச் சாட்சி. அந்தச் சாட்சி உண்மை பேச வேண்டும்.

பதிவேடு உண்மை பேசுமா?

வருகையோடு பணம் பிணைக்கப்பட்டவுடன் பதிவேட்டின் மீது அழுத்தம் ஏறுகிறது. அறுபது, எழுபது சதவீதத்தில் நிற்கும் ஏழைப் பிள்ளையின் தாய் கண்கலங்கி நிற்கும்போது, சில நாட்களைத் தாராளமாகத் திருத்திவிட ஆசிரியரின் மனம் இளகக்கூடும். அது இரக்கம்தான். ஆனால் அந்த இரக்கத்தின் விளைவாக, உண்மையில் உதவி தேவைப்படும் பிள்ளை கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. பதிவேட்டில் வந்தவளாகவே இருந்து, வகுப்பில் இல்லாதவளாகி, ஒருநாள் இடைநின்றவளாகிறாள்.

பதிவேட்டை நம்பாமல் நேரில் எண்ணிப் பார்க்கும் முயற்சிகளும் உள்ளன. ஊரகக் கல்வி நிலை குறித்த 'ஏசர்' ஆய்வில், அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு நேரில் சென்று அன்று வந்திருக்கும் பிள்ளைகளை எண்ணுகின்றனர். நாடு தழுவிய சராசரி 2018-இல் 72.4 சதவீதம், 2024-இல் 75.9 சதவீதம். அதாவது ஆந்திரத் தாயிடம் தனி நிபந்தனையாகக் கேட்கப்படும் 75 சதவீதம், ஏறத்தாழ இந்நாட்டின் பொதுவான நிலை. நாட்டின் சராசரியையே ஏழைத் தாயின் தேர்வு மதிப்பெண்ணாக வைத்திருக்கிறோம். அதே ஆய்வில் ஆசிரியர் வருகை 2024-இல் 87.5 சதவீதம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பிற நாடுகள் செய்வது

பிரிட்டனின் இங்கிலாந்துப் பகுதியில் பிள்ளை வராவிட்டால் முதல் நாளே பெற்றோர் பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பள்ளி வீட்டைத் தொடர்புகொள்ளும். அனுமதியின்றி பத்து அரைநாள் அமர்வுகள் வராமல் போனால் அபராதம் பற்றிப் பரிசீலிக்க வேண்டும் என 2024 ஆகஸ்டு முதல் நாடு முழுவதற்கும் பொதுவிதி வந்தது. 21 நாட்களுக்குள் செலுத்தினால் 80 பவுண்டு; தவறினால் 160 பவுண்டு. இந்தியச் சூழலுக்கு அபராதம் பொருந்தாது. ஆயினும் 'முதல் நாளே பேசு' என்ற ஒழுங்கு அங்கிருந்து கற்கத்தக்கது.

ஆந்திரத் திட்டத்துக்கு நெருங்கிய உறவு பிரேசிலில் இருக்கிறது. 2003-இல் அதிபர் லூலா தொடங்கிய 'போல்சா ஃபமிலியா' திட்டமும் ஏழைக் குடும்பத்துக்குப் பணம் தந்து பள்ளி வருகையைக் கேட்கிறது. தொடக்கத்தில் 6 முதல் 15 வயது வரை 85 சதவீத வருகை நிபந்தனை. 2023-இல் திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது பள்ளி வயதினருக்கு 75 சதவீதமாயிற்று. முக்கியமான வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. அங்கு பணம் மாதந்தோறும் வருகிறது. வருகை குறைந்தால் முதலில் எச்சரிக்கை. பின்னர் தற்காலிக நிறுத்தம். அதன்பின் இடைநீக்கம். நீக்கம் கடைசியில்தான். வருகையோடு, வராததற்கான காரணமும் பதிவாகிறது. காரணம் தெரிந்தால் சமூகப் பணியாளர் அக்குடும்பத்தை அணுக முடியும். அங்கே வருகை குறைவது உதவிக்கான அழைப்பு மணி. இங்கே அது உதவியை நிறுத்தும் ஆணை.

மதனப்பள்ளி சொல்லும் பாடம்

வராமல் போன பிள்ளை திரும்பி வரும்போது என்ன நடக்கிறது என்பது யாரும் கேட்காத கேள்வி. பத்து நாள் மாங்காய்த் தோப்பில் இருந்துவிட்டு வரும் சிறுவன், பாடம் எங்கோ போய்விட்டதைக் காண்கிறான். புரியாத வகுப்பில் உட்கார்ந்திருப்பதைவிட வராமல் இருப்பது எளிது. ஒரு விடுப்பு அடுத்த விடுப்பை ஈன்றெடுக்கிறது.

இதற்கு ஒரு விடை பழைய சித்தூர் மாவட்டத்திலேயே பிறந்தது. மதனப்பள்ளி அருகே ஜே. கிருஷ்ணமூர்த்தி உருவாக்கிய ரிஷிவேலிப் பள்ளியின் ஊரகக் கல்வி மையம், சுற்றுக் கிராமங்களின் சிறு பள்ளிகளுக்கென ஒரு கற்பித்தல் முறையை வகுத்தது. பாடங்கள் ஏணிப் படிகளைப் போன்ற அட்டைகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் நின்று, தன் வேகத்தில் ஏறலாம். பத்து நாள் கழித்து வருபவன் விட்ட படியிலிருந்தே தொடரலாம். மற்றவர்கள் அவனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அவனும் அவர்களைத் துரத்த வேண்டியதில்லை.

இம்முறையைக் கண்டறிந்து சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 முதல் நடைமுறைப்படுத்தியவர் அன்றைய ஆணையர் எம்.பி. விஜயகுமார். 2007-இல் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் தமிழகம் முழுவதும் அது பரவியது. பின்னாளில் அதன் வடிவம் மாறிப்போனாலும் அடிப்படை உண்மை மாறவில்லை. வறுமை உள்ளவரை பிள்ளைகள் சில நாட்கள் வராமல்தான் போவார்கள். திரும்பி வருபவரை ஏற்கும் வகுப்பறையே வருகையை உயர்த்தும் வகுப்பறை.

வீடு செய்ய வேண்டியது, அரசு செய்ய வேண்டியது

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. காய்ச்சலோ, ஊர்ப் பயணமோ, வீட்டில் சாவோ எதுவாயினும் அன்றே பள்ளிக்குச் சொல்லிவிடுவது நல்லது. 'உடல்நலக் குறைவு' என்று எல்லாவற்றுக்கும் ஒரே காரணத்தை எழுதும் விடுப்பு விண்ணப்ப வழக்கத்தை விட்டு, உண்மைக் காரணத்தைச் சொல்வது பிள்ளைக்கே பாதுகாப்பு. மருத்துவச் சீட்டு இருந்தால் பத்திரப்படுத்த வேண்டும். மாதந்தோறும் வருகை எத்தனை நாள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். அக்குழுவில் வருகைக் கணக்கைக் கேட்பது பெற்றோரின் உரிமை.

அரசு செய்ய வேண்டியவை இவற்றைவிட அதிகம். முதலாவதாக, 75 சதவீதத்தை எட்டாதவர்களுக்குத் தொகை முழுவதையும் மறுக்காமல், வந்த நாட்களுக்கு ஏற்பப் படிப்படியாகக் குறைக்கலாம். இரண்டாவதாக, பணத்தை நிறுத்துமுன் எச்சரிக்கையும், வீட்டுக்கு நேரில் சென்று விசாரித்தலும் கட்டாயமாக வேண்டும். கிராமச் செயலகங்கள் இருக்கின்றன. ஆள் அனுப்ப முடியாத நிலை இல்லை. மூன்றாவதாக, நோய், இடப்பெயர்வு, மாதவிடாய்க் காலச் சிரமம் போன்ற காரணங்களைத் தனித்துப் பதிவு செய்து விலக்களிக்க வேண்டும். நான்காவதாக, 2025 ஜனவரியில் தொடங்கப்பட்ட 'மன மித்ரா' வாட்ஸ்அப் சேவையின் வழியே பிள்ளை வராததைப் பெற்றோர் தெரிவிக்க ஏற்பாடு செய்யலாம். எழுதத் தெரியாத தாய் குரல் பதிவாகச் சொல்லட்டும். எல்லை மண்டலங்களில் தமிழிலும் சொல்லட்டும்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கும் சட்டத்தின் 8-ஆவது, 9-ஆவது, 24-ஆவது பிரிவுகளை அரசு தன்மீது சுமத்திக்கொண்டால் போதும்.

2020-இல் சித்தூர் மேடையில் ஒலித்த சொல் 'தாய்மடி'. 2025-இல் வந்த சொல் 'தாய்க்கு வணக்கம்'. பெயர்கள் இரண்டும் இனியவை. ஆனால் 164 நாட்கள் பிள்ளையை அனுப்பிய தாய்க்கு அந்த மடியும் இல்லை, வணக்கமும் இல்லை. 55-ஆவது நாளில் அந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஆசிரியரோ அதிகாரியோ அன்று மாலையே அவள் வீட்டு வாசலுக்குப் போயிருந்தால், அத்தாய்க்குப் பணமும் கிடைத்திருக்கும். பள்ளிக்குப் பிள்ளையும் கிடைத்திருக்கும். கோகலே தோற்ற நூறாண்டுக்குப் பிறகும் நாம் செய்யத் தயங்குவது அந்த ஒரு மாலை நேர நடையைத்தான்.